பலகை பத்து, ப்ரூஃப் நூற்றுப்பத்து: மேக்கர்ஸ் மார்க் பி.ஈ.பி.

கென்டக்கி மாநிலத்தின் லொரேட்டோ என்ற சிற்றூரில் இருக்கும் மேக்கர்ஸ் மார்க் வடிசாலை, 2019ஆம் ஆண்டு தொடங்கி ‘வுட் ஃபினிஷிங் சீரிஸ்’ என்ற வரிசையில் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ பர்பன்களை, அதாவது மக்காச்சோளத்தை முதன்மையாகக் கொண்ட அமெரிக்க விஸ்கிகளை, குறைந்த அளவில் வெளியிட்டு வந்தது. அந்த வரிசையின் முதல் சுற்றை 2023இல் முடித்து வைத்த வெளியீட்டின் பெயர் பி.ஈ.பி. வடித்த சாராயத்தைப் பீப்பாய்க்குள் நிரப்பும்போது அதற்கு இருக்கும் வீரியத்தை இத்தொழிலில் இருப்பவர்கள் ‘பேரல் என்ட்ரி ப்ரூஃப்’ என்பார்கள்; அதன் முதலெழுத்துகளைத்தான் புட்டிக்குச் சூட்டியிருக்கிறார்கள். முகப்புச் சீட்டில் 110.7 ப்ரூஃப் என்று இருக்கிறது. அமெரிக்கக் கணக்கில் ப்ரூஃப் என்பது ஆல்கஹால் சதவீதத்தின் இரு மடங்கு என்பதால், உள்ளே இருப்பது 55.35 சதவீதம். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் 42.8 சதவீத விஸ்கியில் பழகிய நாக்குக்கு இது கணிசமான ஏற்றம்.

வேறு மரங்களிலும் வேறு மதுக்கள் இருந்த பீப்பாய்களிலும் பர்பனைக் கடைசியாகச் சில காலம் வைத்தெடுப்பது இப்போது அமெரிக்காவில் ஓயாத வழக்கமாகிவிட்டது. ஏஞ்சல்ஸ் என்வி போன்றவர்கள் போர்ட் ஒயின் பீப்பாயில் வைக்கிறார்கள். சிலர் ரம் பீப்பாயையும், சிலர் ஜப்பானிய மிசுநாரா ஓக்கையும், அண்மைக் காலமாகப் பலர் பிரேசிலில் கஷாசா என்ற கரும்புச் சாராயத்தை ஊறவைக்கப் பயன்படும் அம்புரானா மரத்தையும் நாடுகிறார்கள். அம்புரானாவில் வைத்த பர்பன்கள் எனக்கு எட்டியவரையில் எல்லாமே ஒரே குரலில்தான் பேசுகின்றன: முதல் நொடியிலேயே இலவங்கப்பட்டையும் இஞ்சி பிஸ்கட்டும் மேலேறி உட்கார்ந்துகொள்கின்றன, அடியில் எந்த வடிசாலையின் சரக்கு இருக்கிறது என்பது தெரியாமலே போய்விடுகிறது. பி.ஈ.பி. அதற்கு நேர் எதிரான வழியில் போவதால்தான் இதைப் பற்றி எழுதத் தோன்றியது. இதில் அந்நிய மரமும் இல்லை, அந்நிய மதுவும் இல்லை. ஏற்கெனவே புதிய அமெரிக்க ஓக்கில் முதிர்ந்த பர்பனுக்குள், நெருப்பில் வாட்டிய புதிய அமெரிக்க ஓக் பலகைகள் பத்தை இறக்கியிருக்கிறார்கள். ஓக்கின் மேல் ஓக். கேட்பதற்கு வீண்வேலை போலத் தோன்றும் இந்தக் காரியத்தின் பலன் என்ன என்பதுதான் கேள்வி.

இந்தப் பலகை முறை மேக்கர்ஸ் மார்க்கில் 2010இல் வந்தது. அதுவரை அந்த வடிசாலைக்கு ஏறக்குறைய ஒரே ஒரு சரக்குதான். பில் சாமுவெல்ஸ் சீனியர் 1953இல் லொரேட்டோவின் பழைய வடிசாலையை வாங்கி, பர்பனில் வழக்கமாகச் சேரும் ரை தானியத்துக்குப் பதிலாகக் கோதுமையைச் சேர்த்து உருவாக்கிய விஸ்கி அது. 1958இல் முதல் புட்டி வெளிவந்தது. புட்டியின் வடிவத்தையும், கழுத்தில் வழியும் சிவப்பு மெழுகையும், பெயரையும் தந்தவர் அவருடைய மனைவி மார்ஜரி. அவர்களுடைய மகன் பில் சாமுவெல்ஸ் ஜூனியர் ஓய்வுபெறும் தறுவாயில், மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த இன்டிபென்டன்ட் ஸ்டேவ் கம்பெனி என்ற பீப்பாய் நிறுவனத்தோடு சேர்ந்து மரத்துண்டுகளை வைத்துப் பலவிதமாகச் சோதித்தார். தேறியது நாற்பத்தாறாம் எண்ணிட்ட பலகை. அதனால்தான் அந்த விஸ்கிக்கு மேக்கர்ஸ் 46 என்று பெயர். பிறகு 2016இல் வந்த தனியார் தேர்வுத் திட்டத்தில், ஐந்து வகைப் பலகைகளிலிருந்து விருப்பம்போல் கலந்து பத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமையைக் கடைக்காரர்களுக்கும் மதுக்கூடங்களுக்கும் கொடுத்தார்கள். ஐந்து வகையில் பத்தை எடுக்கும் வழிகள் 1001 என்பது பள்ளிக்கணக்கு. கணக்குப் பிடித்தவர்கள் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

பலகையை உள்ளே வைப்பது பார்ப்பதற்கு எளிமையான வேலைதான். முதிர்ந்த விஸ்கியை வடித்தெடுத்து, பீப்பாயின் ஒரு பக்க மூடியைக் கழற்றி, பத்துப் பலகைகளையும் உட்புறத்தில் பொருத்தி, மூடியை மறுபடி இறுக்கி, அதே விஸ்கியைத் திரும்ப ஊற்றுகிறார்கள். சூட்சுமம் வெப்பத்தில் இருக்கிறது. கோடை வெயிலில் வைத்தால் புதிய பலகையிலிருந்து துவர்ப்பும் கசப்பும் முந்திக்கொண்டு இறங்கிவிடும். ஆகையால் தொடக்கத்தில் குளிர்காலத்தில் மட்டுமே இதைச் செய்தார்கள். பிறகு சுண்ணாம்புக்கல் குன்றைக் குடைந்து ஒரு நிலவறை கட்டி, ஆண்டு முழுவதும் ஏறத்தாழ பத்து டிகிரி செல்சியஸில் வைத்துக்கொள்கிறார்கள். ஓஹியோ மாநிலத்தில் நான் குடியிருக்கும் சின்சினாட்டியிலிருந்து லொரேட்டோ காரில் போய்வரக்கூடிய தொலைவுதான். ஆகஸ்டு மாதப் புழுக்கத்திலிருந்து அந்த அறைக்குள் நுழையும்போது, பாறையிலிருந்து வரும் குளிர்ச்சியோடு ஈர மரமும் வெனிலாவும் கலந்த ஒரு வாடை முகத்தில் அறையும்.

ஸ்காட்லாந்தில் இந்த வேலையைச் செய்ய முடியாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். காம்பஸ் பாக்ஸ் நிறுவனம் 2005இல் பீப்பாய்க்குள் பிரெஞ்சு ஓக் பலகைகளைப் பொருத்தி ‘ஸ்பைஸ் ட்ரீ’ என்ற விஸ்கியை வெளியிட்டது. அது மரபுக்குப் புறம்பானது என்று ஸ்காட்ச் விஸ்கி சங்கம் எதிர்க்க, அதைக் கைவிட வேண்டியதாயிற்று; சில ஆண்டுகளுக்குப் பின் பீப்பாயின் இரு முனை மூடிகளை மட்டும் பிரெஞ்சு ஓக்கில் செய்து, அதே பெயரில் திரும்பக் கொண்டுவந்தார்கள். மூடி ஆகுமாம், பலகை ஆகாதாம். அமெரிக்காவில் தடை இல்லை. ஆனால் சாதாரண பர்பன் என்று மட்டும் சீட்டில் போட்டுவிட்டு விற்க முடியாது, ஓக் பலகைகளால் பதப்படுத்தியது என்று குறிப்பிட்டாக வேண்டும். எனக்கு இந்த ஏற்பாடு நியாயமாகவே படுகிறது.

இனிப் பெயருக்குக் காரணமான வீரியத்துக்கு வருவோம். பர்பனைப் பீப்பாய்க்குள் 125 ப்ரூஃபுக்கு மேல் ஊற்றக்கூடாது என்பது இன்றைய சட்டம். 1962க்கு முன்பு அந்த வரம்பு 110ஆக இருந்தது. வரம்பை உயர்த்தியவுடன் பெரும்பாலான வடிசாலைகள் மெல்ல மெல்ல மேலே போயின, காரணம் காசு. ஒரே அளவு ஆல்கஹாலை 125 ப்ரூஃபில் அடைக்க 100 பீப்பாய் போதுமென்றால், 110 ப்ரூஃபில் அடைக்கக் கிட்டத்தட்ட 114 பீப்பாய் வேண்டும். பர்பனுக்கு ஒவ்வொரு முறையும் புதுப் பீப்பாய்தான் என்பதால், அந்தப் பதினான்கும் சேமிப்புக் கிடங்கின் இடமும் கணக்கில் கனமாக ஏறும். மேக்கர்ஸ் மார்க் மட்டும் 110ஐ விட்டு இறங்காமலும் ஏறாமலும் இருந்துவிட்டது.

இதனால் சுவைக்கு என்ன லாபம்? மரத்துக்குள் இருப்பவற்றில் சில ஆல்கஹாலில் நன்றாகக் கரையும், சில தண்ணீரில் நன்றாகக் கரையும். ஓக் மரத்தைச் சூடாக்கும்போது அதிலுள்ள ஹெமிசெல்லுலோஸ் உடைந்து சர்க்கரைகளாக மாறுகிறது. அவை தண்ணீரோடுதான் அதிகம் இணங்கும். லிக்னின் உடைவதால் வெனிலின் கிடைக்கிறது. தேங்காய் மணம் தரும் லாக்டோன்கள் ஆல்கஹாலை நாடுபவை. ஆகவே நிரப்பும்போதே தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக இருந்தால், ஆண்டுக்கணக்கில் மரத்துக்குள் போய் வரும் அந்தத் தண்ணீர் இனிப்பைக் கூடுதலாக இழுத்து வரும். பின்னாளில் புட்டியில் அடைக்கும்போது சேர்க்கும் தண்ணீர் இந்த வேலையைச் செய்வதில்லை. அது நீர்க்கச் செய்வதோடு சரி. இன்னொரு விஷயம், கென்டக்கிக் கிடங்குகளின் மேல்தளங்களில் வெக்கை அதிகம். அங்கே ஆல்கஹாலைவிடத் தண்ணீர் விரைவாக ஆவியாகிவிடுவதால் வீரியம் ஏறும். மேக்கர்ஸ் மார்க்கில் பீப்பாய்களை மேல்தளத்திலிருந்து கீழ்த்தளத்துக்கு இடம் மாற்றுவது வழக்கம். அதனால்தான் தண்ணீர் கலக்காமல் பீப்பாயின் வீரியத்திலேயே அவர்கள் அடைக்கும் காஸ்க் ஸ்ட்ரென்த் பர்பன் பெரும்பாலும் 108க்கும் 114க்கும் இடையில், ஊற்றிய எண்ணுக்கு அருகிலேயே நின்றுவிடுகிறது. பி.ஈ.பி.யின் 110.7ம் அப்படி அமைந்ததுதான்.

ஆக, வாட்டிய அமெரிக்க ஓக்கைத் தேர்ந்தெடுத்ததன் நோக்கம் விளங்குகிறது. பீப்பாயின் உட்புறத்தைக் கொழுந்துவிட்டெரியும் தீயில் கருக்குவார்கள். அது மேற்பரப்பைக் கரியாக்கும் விரைவான வேலை. வாட்டுவது அப்படியல்ல, இளஞ்சூட்டில் நெடுநேரம் வைத்து மரத்தின் உள்ளே வரை சூட்டை ஏற்றுவது. சர்க்கரை அதில்தான் அதிகம் திரளும். வழக்கமாகத் தண்ணீர் எடுத்துவரும் இனிப்பை எடுத்துக்காட்டுவதற்காகவே, கூடுதலாக இனிப்பைச் சுரக்கக்கூடிய மரத்தை உள்ளே வைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து ஒரு சுவையைக் கொண்டுவந்து பூசாமல், தன்னிடம் இருப்பதிலேயே ஒன்றை உரக்கச் சொல்ல வைக்கும் முயற்சி இது.

சுவைக்கு வருகிறேன். ஒப்பிடுவதற்கு மேக்கர்ஸ் மார்க் காஸ்க் ஸ்ட்ரென்த் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். தானியக் கலவை ஒன்று, நிரப்பும் வீரியம் ஒன்று, ப்ரூஃபும் ஏறத்தாழ ஒன்று என்பதால், இரண்டுக்கும் இடையில் தெரியும் வித்தியாசத்தில் பெரும்பகுதியைப் பலகையின் கணக்கில் எழுதலாம். கிளென்கேர்ன் என்ற, விஸ்கி சுவைப்பதற்கான வாய் குறுகிய கோப்பையில் முப்பது மில்லி ஊற்றி, கால் மணி நேரம் மூடாமல் விட்டேன். நிறத்திலேயே பி.ஈ.பி. ஒரு படி கூடுதல்; காஸ்க் ஸ்ட்ரென்த் செம்பொன் நிறம் என்றால் இது செம்பு நிறம். கோப்பையைச் சாய்த்து நிமிர்த்தினால் கண்ணாடியில் ஏறிய படலம் உடனே வழியாமல், விளிம்பில் முத்துமுத்தாகத் திரண்டு, யோசித்து யோசித்துக் கீழே இறங்குகிறது.

இந்த வீரியத்தில் மூக்கைக் கோப்பைக்குள் நுழைப்பது அசட்டுத்தனம். ஆல்கஹால் மூக்கின் உட்புறத்தை மரத்துப்போகச் செய்துவிடும், பிறகு எதுவும் பிடிபடாது. கோப்பையை மோவாயருகில் பிடித்து, வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு மெல்ல முகர்வதே நல்லது. முதலில் எழுவது கருகத் தொடங்கும் முன் இறக்கிய சர்க்கரையின் மணம். அடுத்து வெனிலா, அதன் பின்னால் வறுத்த பாதாம், பேக்கரியின் அடுப்பிலிருந்து வெளிவந்த ரொட்டியின் மேலோடு. காஸ்க் ஸ்ட்ரென்தில் முன்னால் நிற்கும் செர்ரிப்பழ வாசனை இதில் உலர்ந்த செர்ரியாகி இரண்டாவது வரிசைக்குப் போய்விட்டது. சற்று நேரம் கழித்து ஆரஞ்சுத் தோலின் கீற்று ஒன்று தென்பட்டு மறைந்தது. மறுபடி தேடியபோது அகப்படவில்லை. தச்சுப்பட்டறையின் பச்சை மர வாடை, இத்தகைய பலகைச் சரக்குகளில் நான் எப்போதும் அஞ்சுவது, தண்ணீர் சேர்க்கும் முன்பு இதில் இல்லை.

வாயில் வைத்தவுடன் தெரிவது கனம். நாக்கின் மேல் நீர்போலப் பரவாமல் எண்ணெய்ப்பசையோடு படிகிறது. இனிப்பு உடனடியாக வருகிறது, வந்து நிலைக்கிறது. இரண்டு விரலுக்கிடையில் கம்பியாக நீளும் வெல்லப்பாகை நாவில் தொட்டு வைத்தாற்போன்ற அடர்த்தி அதற்கு. வெறும் இனிப்பாகவே முடிந்திருந்தால் திகட்டியிருக்கும். விழுங்குவதற்குச் சற்று முன்னால் இலவங்கப்பட்டையும் ஒரு துளி கிராம்பும் நாக்கின் நடுவில் காரமாகக் கிளம்பி அதைத் தடுத்துவிடுகின்றன. ரை சேர்ந்த பர்பனில் வரும் மிளகுக்காரம் இது அல்ல. கோதுமைப் பர்பனில் காரம் தானியத்திலிருந்து வருவதில்லை, மரத்திலிருந்து வருகிறது, அதனால் கூர்மையாகக் குத்தாமல் வட்டமாகச் சுடுகிறது. 55 சதவீதத்துக்கு மேல் என்று சொல்லாமல் கொடுத்தால், குடிப்பவர் ஐம்பதுக்குக் கீழே ஓர் எண்ணைத்தான் சொல்வார்.

விழுங்கிய பின் நெஞ்சுவரை ஒரு கதகதப்பு இறங்குகிறது. வாயில் மிஞ்சுவது கருகல் சர்க்கரை, கொஞ்சம் காபித்தூள், ஈறுகளின் ஓரத்தில் தேயிலைத் துவர்ப்பு. இந்தத் துவர்ப்பு காஸ்க் ஸ்ட்ரென்தில் இந்த அளவுக்கு இல்லை. முதல் மடக்கில் அது இனிப்புக்கு வேலி கட்டியதுபோல் பொருத்தமாக இருக்கிறது. கோப்பையின் அடிப்பகுதிக்கு வரும்போது கொஞ்சம் மிகுதியாகி, உதட்டை நாக்கால் தடவத் தோன்றுகிறது.

தண்ணீர் சேர்ப்பதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தப் புட்டியின் கதையே தண்ணீரைப் பற்றியது. முப்பது மில்லியில் மூன்று மில்லிக்குச் சற்று மேல் தண்ணீர் விட்டால் 100 ப்ரூஃபுக்கு, அதாவது ஐம்பது சதவீதத்துக்கு, இறங்கும். கண்ணளவில் அது அரைத் தேக்கரண்டிக்குக் கொஞ்சம் அதிகம். அந்த இடத்தில் பி.ஈ.பி. மிக அழகாக இருக்கிறது: மறைந்திருந்த ஆரஞ்சுத் தோல் திரும்பி வந்து நிற்கிறது, உலர்ந்த செர்ரி முன்வரிசைக்கு வருகிறது, துவர்ப்பு தணிகிறது, கோதுமையின் மாவுத்தன்மை முதன்முறையாகத் தலைகாட்டுகிறது. ஒரு முழுத் தேக்கரண்டி விட்டு 47 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் நல்ல விஸ்கிதான், தனிச்சிறப்பு குறைந்துவிடுகிறது. பத்து மில்லி விட்டபோது நிலைமை கெட்டது. 41 சதவீதத்தைச் சற்றே தாண்டிய அந்தக் கலவையில் இனிப்பு கரைந்து விலகிக்கொள்ள, பலகையின் வாடை மட்டும் தனியாக நின்றது. மூக்கில் அதுவரை இல்லாத அறுத்த மரத்தூளின் மணம் எழுந்தது. பக்கத்துக் கோப்பையிலிருந்த காஸ்க் ஸ்ட்ரென்த் அதே அளவு தண்ணீரை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டு, மென்மையான சாதாரண மேக்கர்ஸ் மார்க்காக மாறியது. பீப்பாய்க்குள் ஆண்டுக்கணக்கில் ஊறி வந்த இனிப்பு விஸ்கியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றும், பலகையிலிருந்து குறுகிய காலத்தில் இறங்கியது இன்னும் முழுமையாக ஒன்றாகவில்லை என்றும் எனக்குப் படுகிறது. இது நாவை வைத்துச் சொல்லும் ஊகம்தான்.

ஐஸ் கட்டி போட்டும் பார்த்தேன். துவர்ப்பு தூக்கலாகிறது, பரிந்துரைக்க மாட்டேன். காக்டெயிலில் கலப்பவர்களுக்கு ஓல்ட் ஃபேஷன்டில் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தால் போதும்.

வரிசையில் மற்றவற்றோடு ஒப்பிட்டால், 2019இல் வந்த ஆர்.சி.6 இதைவிடப் பழவாசனை மிகுந்தது, துள்ளலானது. 2021இன் எஃப்.ஏ.ஈ. இரட்டையர் கொழுப்பு அமில எஸ்டர்கள் தரும் கனத்தையும் பிசின்தன்மையையும் தேடிப் போனவை. அவற்றில் முதலாவதைப் புகையிலை மணம் பிடித்தவர்கள் கொண்டாடினார்கள், எனக்கு அது சற்றே இறுக்கம். 2022இன் பி.ஆர்.டி. ஜோடி கிடங்கின் மேல்தளச் சுவையையும் கீழ்த்தளச் சுவையையும் தனித்தனியே காட்ட முயன்றது. யோசனை என்ற அளவில் இந்த வரிசையிலேயே சுவாரசியமானது அதுதான். கோப்பையில் அந்த அளவு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. பி.ஈ.பி.யில் யோசனையும் கோப்பையும் ஒத்துப்போகின்றன. சுவையின் பன்முகத்தில் ஆர்.சி.6க்குக் கீழேதான் இதை வைப்பேன். சொல்ல வந்ததைத் தெளிவாகச் சொன்னதில் இதற்கே முதலிடம்.

வெளியானபோது இதன் விலை எழுபது டாலர் அளவில் இருந்தது. ஓஹியோவில் சாராய விலையை அரசே நிர்ணயிப்பதால், அலமாரியில் ஒரு பழைய புட்டி மிஞ்சியிருந்தாலும் விலை ஏறியிருக்காது. ஆற்றுக்கு அப்பால் கென்டக்கியின் தனியார் கடைகளில் அந்த உத்தரவாதம் இல்லை, கடைக்காரர் வைத்ததே விலை. பட்டியல் விலைக்குக் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். இரு மடங்கு கேட்டால் வேண்டாம். அந்தப் பணத்தில் காஸ்க் ஸ்ட்ரென்த் ஒரு புட்டியும், நீங்கள் நம்பும் கடைக்காரர் தேர்ந்தெடுத்த தனியார் தேர்வுப் புட்டி ஒன்றும் வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பலகை என்ன செய்கிறது என்பது இதே அளவுக்கு விளங்கிவிடும்.